சிங்கப்பூரின் பொது வீடமைப்பு: நிலம், நிதி, குத்தகை

முன்னுரை

ஒரு நகரத்தில் நிலத்தின் விலை உயர உயர, அந்நகரை இயக்கும் உழைப்பாளர்களே அங்குக் குடியிருக்க இயலாத நிலை தோன்றுகிறது. இச்சிக்கலை எதிர்கொண்ட நகரங்களுள் சிங்கப்பூர் தனித்துக் குறிப்பிடத்தக்கது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரின் குடும்பங்களில் முக்கால் பங்கிற்கும் மேற்பட்டவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. அக்குடும்பங்களுள் பெரும்பாலானவை தாம் வாழும் வீட்டைச் சொந்தமாக வாங்கியவை. இவ்வீடுகளைக் கழகம் சந்தை விலையினும் குறைத்து விற்பது எவ்வாறு? குறைக்கப்பட்ட தொகையை ஏற்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

நிலமும் திட்டமும்

1927இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தோன்றிய சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், 32 ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளையே கட்டியது. 1960 பிப்ரவரியில் அதன் இடத்தைப் பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ, 1965க்குள் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அத்தாப்புக் குடிசைகள் எரிந்த அவ்விடத்தில் மாடி வீடுகள் விரைந்து எழுந்தன.

தொடர்ந்து கட்டுவதற்கு நிலம் தேவைப்பட்டது. 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம், பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் விரிவான அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. பின்னர் வந்த திருத்தத்தின்படி, 1973 நவம்பர் 30ஆம் நாளின் சந்தை மதிப்பு, கையகப்படுத்தும் நாளின் மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானதே இழப்பீடாகக் கணக்கிடப்பட்டது. முழுச் சந்தை மதிப்பில் இழப்பீடு வழங்கும் முறை 2007இல்தான் வந்தது. 1960இல் ஏறத்தாழ 44 விழுக்காடாக இருந்த அரசு நிலம், 1985இல் ஏறத்தாழ 76 விழுக்காடாயிற்று. ஆகவே, தொடக்கக் காலத்தில் குறைந்த விலையின் சுமையில் ஒரு பகுதியை ஏற்றவர்கள் பழைய நில உரிமையாளர்களே எனலாம்.

1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் விற்காத வீடுகள் பெருமளவில் தேங்கின. எனவே 2001இல், விண்ணப்பங்களைப் பெற்ற பின்னரே கட்டும் முறை அறிமுகமானது. இதனால் கழகத்தின் இழப்பு குறைந்தது. வாங்குவோரின் காத்திருப்பு நீண்டது.

நிதி

கழகம் தனக்கு வேண்டிய நிலத்தை அரசிடமிருந்து சந்தை மதிப்பில் வாங்குகிறது. அத்தொகை நாட்டின் கடந்தகால இருப்புநிதியில் சேர்கிறது. அதிபரின் ஒப்புதலின்றி அதனைச் செலவிட இயலாது. பின்னர்க் கழகம் வீடுகளைச் சந்தை விலையினும் குறைத்து விற்பதால் ஏற்படும் பற்றாக்குறையை, அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஈடு செய்கிறது. 2023ஆம் நிதியாண்டில் அப்பற்றாக்குறை 6.7 பில்லியன் வெள்ளியைக் கடந்தது.

இம்முறை கருத்து வேறுபாட்டிற்கு உரியது. வீட்டை விற்கும் வரை நில விலையை வசூலிக்காது விடலாம் எனச் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வாதிட்டது. நிலமும் இருப்புநிதியின் ஒரு பகுதியே என்பதும், அதனை விலையின்றி அளிப்பது வருங்காலத் தலைமுறையின் சேமிப்பில் கைவைப்பதாகும் என்பதும் அரசின் மறுமொழி.

வாங்குவோர்க்குத் துணைபுரிவது மத்திய சேமநிதி. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் தொடங்கியபோதிலும், 1968இல் சேமநிதியைப் பயன்படுத்த இசைவு கிடைத்த பின்னரே அது வேரூன்றியது. முன்பணத்தையும் மாதத் தவணையையும் சேமநிதியிலிருந்தே செலுத்தலாம். 2024 ஆகஸ்டு முதல், வருமானம் குறைந்த குடும்பங்கள் முதல் வீடு வாங்க 120,000 வெள்ளி வரை மேம்படுத்தப்பட்ட மானியம் பெற முடிகிறது. எனினும், முதுமைக்கெனச் சேர்த்த பணம் இவ்வாறு வீடாக மாறிவிடுகிறது என்பது நோக்கத்தக்கது.

குத்தகை

வாங்குவோர் பெறுவது 99 ஆண்டுக் குத்தகை உரிமையே. 1960களில் தொடங்கிய குத்தகைகள் 2060களில் முடிவுறும். அதன்பின் வீடு அரசிடம் திரும்பும். இது வெறும் ஏட்டு விதியன்று. கேலாங் லோரோங் 3இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் வீடுகளின் நிலம், 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு இழப்பீடின்றி அரசிடம் திரும்பியது. மேலும், 2019 மே முதல், எஞ்சிய குத்தகை வாங்குவோருள் இளையவரின் 95ஆம் வயது வரை நீடிக்காவிடில், சேமநிதியை முழு அளவில் பயன்படுத்த இயலாது. இதனால் பழைய வீட்டை விற்று ஓய்வுக்காலத்தைக் கழிக்க எண்ணும் முதியோர்க்கு, அதனை வாங்க வல்லோரின் எண்ணிக்கை குறைகிறது.

முடிவுரை

வீட்டின் விலை குறையும்போது செலவு மறைந்துவிடுவதில்லை. முன்பு நில உரிமையாளரும், இன்று வரி செலுத்துவோரும், நாளை குத்தகையின் இறுதிக்காலத்தில் அவ்வீட்டில் வாழ்வோரும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றனர். 2024 அக்டோபர் முதல், நல்ல அமைவிடத்து வீடுகளுக்குப் பத்தாண்டுக் குடியிருப்புக் கட்டாயமும், மறுவிற்பனையின்போது மானியத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் விதியும் வந்துள்ளன. வீடு வாழ்விடமா, முதலீடா என்னும் பழைய வினாவிற்கு அரசு வாழ்விடத்தின் பக்கம் சாய்ந்து விடை கூறத் தொடங்கியுள்ளதை இவை உணர்த்துகின்றன. ஆயினும், வீட்டின் மதிப்பு உயர்ந்துகொண்டே செல்லும் என நம்பித் தம் சேமநிதியை அதில் இட்ட தலைமுறைக்கு அவ்விடை போதுமானதாக அமையுமா என்பது இன்னும் தீராத சிக்கலாகவே உள்ளது.