தூதுவன் கொண்டுவந்த நல்ல சேதி

கி.மு. 494இல் பாரசீகப் படை மிலேட்டஸ் நகரைப் பிடித்துச் சூறையாடியது. ஏதென்ஸ் மக்களுக்கு அது உறவுக்கார ஊர். சில காலத்தில் ஃப்ரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அந்த வீழ்ச்சியையே மேடையேற்றினார். அரங்கமே அழுதது. அவருக்குக் கிடைத்ததோ ஆயிரம் டிராக்மா அபராதம். இனி யாரும் அந்த நாடகத்தைப் போடக் கூடாது என்று தடையும் விதித்தார்கள். ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கும் செய்தி இது.

ஆண்டுதோறும் டயோனிசஸ் திருவிழாவில், அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் கூடித் துன்பியல் நாடகங்களை விரும்பிப் பார்த்தவர்களும் இதே மக்கள்தான். அப்படியானால் எந்தத் துயரம் நாடகமாகிறது, எது வெறுமனே புண்ணைக் கிளறுகிறது? அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலை மாணவர்களுக்கு நடத்தும்போது நான் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவேன்.

துன்பியலின் உயிர் கதைப்பின்னல் என்கிறார் அரிஸ்டாட்டில். பாத்திரம், கருத்து, மொழிநடை, இசை, காட்சி எல்லாம் அதற்கு அடுத்தவை. மேடை ஜோடனையால் மிரட்டுவதை அவர் மதிக்கவில்லை. நடந்ததைக் காதால் கேட்டாலே இரக்கமும் அச்சமும் எழ வேண்டும்.

அவர் காட்டும் உதாரணம் சோபோக்ளிஸின் 'ஈடிபஸ்'. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற அருள்வாக்குக்கு அஞ்சி கொரிந்த் நகரை விட்டு ஓடிவந்தவன் ஈடிபஸ். அங்கிருந்து ஒரு கிழவன் வருகிறான்: உன் தந்தை மூப்பினால் இறந்துவிட்டார், இனி நீயே அரசன். ஈடிபஸுக்கு நிம்மதி. ஆனாலும் தாய் உயிரோடிருக்கிறாளே என்ற பயம் விடவில்லை. அதையும் போக்கிவிடலாம் என்று கிழவன் நல்லெண்ணத்தோடு உண்மையைச் சொல்கிறான்: அவர்கள் உன்னைப் பெற்றவர்கள் அல்லர், மலையில் ஒரு மேய்ப்பனிடமிருந்து குழந்தையாக உன்னை வாங்கியவனே நான்தான். பக்கத்தில் நிற்கும் யொகாஸ்டா அவன் மனைவி, உண்மையில் அவனைப் பெற்றவள். அவளுக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிடுகிறது. ஈடிபஸுக்கு இன்னும் விளங்கவில்லை. மேலே கேட்காதே என்று அவள் கெஞ்சுகிறாள், அவன் கேட்கிறான். ஆறுதல் சொல்ல வந்த வார்த்தையே குடியைக் கெடுக்கிறது. வில்லன் என்று சுட்ட அங்கே ஒருவர்கூட இல்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கும்.

காப்பியத்திலும் அரிஸ்டாட்டில் தேடுவது இத்தகைய கதைக் கட்டுக்கோப்பையே. இலியட்டைப் படித்து முடித்த மாணவர்கள், மரக்குதிரை எங்கே என்று கேட்பார்கள். அதில் மரக்குதிரை வராது. பத்தாண்டு ட்ராய்ப் போரில் அக்கிலிஸின் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹெக்டரின் ஈமச்சடங்கோடு நிறுத்திவிடுகிறார் ஹோமர். போர் முழுவதையும் பாட முயலாத அந்தத் தேர்வுக்காகவே அரிஸ்டாட்டில் அவரைக் கொண்டாடுகிறார்.

மொழிநடையைப் பேசும்போது இரண்டு நாடகாசிரியர்களை அருகருகே வைக்கிறார். ஃபிலொக்டெட்டிஸ் என்ற வீரனின் காலில் ஆறாத புண். அது சதையைத் தின்கிறது என்று எஸ்கிலஸ் எழுதினார். யூரிப்பிடீஸ் அதே வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, புண்ணை விருந்துண்ண வைத்தார். முன்னது சாதாரணம், பின்னது அழகு என்பது அரிஸ்டாட்டிலின் தீர்ப்பு.

உருவகம் படைக்கும் திறனை மட்டும் பிறரிடமிருந்து கற்க முடியாது என்றும் அவர் சொல்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்னவரின் வரியை எடுத்து ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தாரே யூரிப்பிடீஸ், அது கற்றல் இல்லாமல் வேறென்ன?