சிறையும் வேண்டாம், செடியும் வேண்டாம்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வளர்த்துக்கொள்ளலாம். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள். உருகுவே 2013-லேயே ஆறு செடிகளுக்கு இடம் கொடுத்துவிட்டது. பெரியவர்கள் தம் வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பதைக் குற்றமாக்க முடியாது என்று தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. இந்தச் செய்திகளெல்லாம் கைபேசி வழியே மும்பை மாதுங்காவின் கல்லூரி வாசல்களுக்கும் செம்பூர்க் குடியிருப்புகளுக்கும் தாராவிச் சந்துகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. "அங்கெல்லாம் சரி என்றால் இங்கே மட்டும் ஏன் தப்பு? சாராயத்துக்கு இது தேவலை இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் பலர் ஓர் அதட்டலோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதட்டலுக்குப் பயந்து கேள்வி போய்விடாது. அது வேறு ஆளிடம் போகும்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பிணைந்திருக்கின்றன. கஞ்சா புகைத்தவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமா என்பது ஒன்று. வீட்டில் செடி வளர்க்க அனுமதிக்க வேண்டுமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நம் ஊர் விவாதம் நகராமல் நிற்கிறது.

சட்டம் இன்று என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை எல்லோரும் என்.டி.பி.எஸ். சட்டம் என்றே சொல்கிறோம். அதன்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. 2022 ஆகஸ்டில் ஒரு ஜாமீன் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது. இலையை அரைத்துச் செய்யும் பாங் மத்தியச் சட்டத்திலிருந்து தப்புவது இதனால்தான். அதற்காக ஹோலி அன்று பாங் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் பாங் வைத்திருப்பதும் குற்றம்.

தண்டனை எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ வரை "சிறிய அளவு": ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவைத் தாண்டினால் "வணிக அளவு": பத்து முதல் இருபது ஆண்டுகள். செடி வளர்ப்பதற்கோ இந்த எடைக்கணக்கே கிடையாது. பால்கனித் தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்தாலும் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விதை கிடைக்கிறதே, ஆசைக்கு ஒன்று நட்டுப் பார்ப்போம் என்று நினைக்கும் இளைஞர்களில் பலருக்கு இது தெரியாது. பொட்டலத்தோடு பிடிபட்டவனைவிடத் தொட்டியோடு பிடிபட்டவன் பெரிய சிக்கலில் இருக்கிறான்.

உத்தராகண்டில் 2018 முதல் உரிமம் பெற்றுப் பயிரிடுகிறார்களே என்றால், அது நாருக்கும் விதைக்குமான தொழில்துறைச் சணல்வகை. போதை தரும் டி.எச்.சி. அதில் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். புகைத்தால் தலைவலிதான் மிஞ்சும்.

மும்பையில் யார் மாட்டுகிறார்கள்?

விதி சட்டக் கொள்கை மையம் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2017, 2018 ஆண்டுகளில் மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களுக்கு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகளை அது எடுத்துப் பார்த்தது. கிட்டத்தட்ட அத்தனையும் சொந்த உபயோக வழக்குகள். அவற்றில் 87 சதவீதம் கஞ்சா சம்பந்தப்பட்டவை. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள், குடிசைப் பகுதிகளிலும் தெருவோரத்திலும் வாழ்பவர்கள். அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தவர்கள். வழக்கு நடத்தினால் பல நாள் கூலி போகும். "ஆமாம் சாமி" என்று தலையாட்டினால் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. இத்தனை பேர் நீதிமன்றப் படியேறி இறங்கினார்கள். அவர்களில் போதைக்கு அடிமையானவர் யார், வெறுமனே ஒருநாள் இழுத்தவர் யார் என்று பிரித்துப் பார்த்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய இடம் அது. சட்டத்தின் 39-ஆம் பிரிவு, அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அபராத ரசீதோடு முடிகிற வழக்கில் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை. உடம்பு அப்படியே இருக்கிறது, பழக்கமும் அப்படியே இருக்கிறது, கூடுதலாக ஒரு குற்றப்பதிவு ஒட்டிக்கொள்கிறது. மறுபக்கம், பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படும் உயர்ரக "ஹைட்ரோ" கஞ்சாவை மும்பை விமான நிலையச் சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பறிமுதல் செய்கிறது. அதைப் புகைப்பவர் தாராவிக்காரர் அல்லர்.

தடை என்றால் என்ன நடக்கும் என்பது தாராவித் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சிய இடங்களில் தாராவியும் ஒன்று. வரதராஜ முதலியார் போன்ற தாதாக்களின் செல்வாக்கு அந்தச் சாராயத்தில்தான் வளர்ந்தது. குடிப்பவர்கள் குறையவில்லை. குடித்துப் பிடிபட்டவர்களும், கண் போனவர்களும், செத்தவர்களும் ஏழைகள். எனவே புகைத்தவனைக் குற்றவாளியாக்குவதை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சட்டத்தில் தாராளம் வேண்டும் என்று சொல்பவர்கள் அடிக்கடி காட்டுவது 1893-94-ல் ஆங்கில அரசு அமைத்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையத்தின் அறிக்கையை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்த ஆணையம், அளவான உபயோகத்தால் பெரிய தீங்கில்லை, முழுத் தடை தேவையில்லை, வரி விதித்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது. உண்மை. அதே அறிக்கை, அளவு மீறினால் உடலும் மனமும் கெடும் என்றும், மனம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு ஆபத்து என்றும் சொன்னதை மட்டும் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

மேலும், அன்றைய கஞ்சா இன்றைய கஞ்சா இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014-ல் சுமார் 12 சதவீதமாக உயர்ந்திருந்தது. விளக்கொளியில் வளர்க்கும் ரகங்களில் அது இன்னும் அதிகம். 2019-ல் லான்செட் மனநல இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு, வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றது. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. குடும்பத்தில் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ மனநோய் இருந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை இதைத் தொடவே கூடாது.

வயது இதில் முக்கியம். மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முதிர்கிறது. திட்டமிடுவதும், பின்விளைவை யோசிப்பதும், ஆசையை அடக்குவதும் அந்தப் பகுதியின் வேலை. பதின்மூன்று, பதினாலு வயதில் தொடங்குகிறவனுக்கு அந்த வளர்ச்சியில் குறுக்கீடு நேர்கிறது. புகைத்துப் பார்த்தவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். "கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டார்கள்" என்று நண்பர்கள் வட்டத்தில் சொல்வது பொய். விட்ட இரண்டொரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, கெட்ட கனவு எல்லாம் வரும். முதல் வாரம் கடினம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தணியும்.

நம் ஊரில் கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர்கள் குறைவு. சிகரெட்டைப் பிரித்துப் புகையிலையோடு கலந்துதான் சுருட்டுகிறார்கள். ஆக, நிக்கோட்டினுக்கும் சேர்த்தே அடிமையாகிறார்கள். காசநோய் இன்னும் ஓயாத தாராவியில், காற்றோட்டமில்லாத அறையில் நாலு பேர் கூடி ஒரே சிலும்பியை மாற்றி மாற்றி இழுப்பது, இருமுகிறவனின் கிருமியை மற்ற மூவருக்கும் பங்கு வைப்பதாகும்.

அதிகம் பேசப்படாத ஒரு நோயையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் புகைத்த சிலருக்கு வயிற்றுவலியோடு அடக்க முடியாத வாந்தி வரும். வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். குடல்நோக்கி, ஸ்கேன் என்று பணம் கரையும், காரணம் பிடிபடாது. மருத்துவரிடம் கஞ்சாப் பழக்கத்தை மறைக்காமல் சொன்னால் நோய் உடனே புரியும். நிறுத்துவதே அதற்கு மருந்து.

பாங், கேக், லட்டு என்று சாப்பிடும்போது ஆபத்து வேறு மாதிரி. புகை சில நிமிடங்களில் ஏறும். சாப்பிட்டது ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். "ஒன்றும் ஆகலையே" என்று இரண்டாவது டம்ளர் குடிப்பவர்கள்தான் பதற்றத்தோடும் படபடப்போடும் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

கப்பல் வேலைக்கோ வளைகுடா வேலைக்கோ போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் டி.எச்.சி.யின் தடயம் ஒரு மாதம் வரைகூடத் தங்கும்; வேலைக்கான மருத்துவச் சோதனையில் தெரிந்துவிடும்.

பத்துக்குப் பத்து அறையில் செடி

இனி இரண்டாவது கேள்வி. வீட்டில் வளர்த்தால் கலப்படம் இருக்காது, போதைக் கும்பலிடம் போக வேண்டியதில்லை என்பது வளர்ப்பை ஆதரிப்பவர்களின் வாதம். தனி வீடும் பூட்டிய அறையும் உள்ளவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஜெர்மனியின் சட்டமே, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பாதுகாக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. தாராவியில் சமையலும் படிப்பும் தூக்கமும் ஒரே அறையில் நடக்கின்றன. ஆறு பேர் வாழும் பத்துக்குப் பத்து அறையில் எந்த மூலை குழந்தைக்கு எட்டாத மூலை?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாவைத் தெரியாமல் தின்று அவசர சிகிச்சைக்கு வருவது, சட்டம் வந்தபின் ஒன்பது மடங்கானதாக ஆய்வு சொன்னது. வசதியான வீடுகளும், மூடி போட்ட டப்பாக்களும், எச்சரிக்கை அட்டைகளும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

நம் மழைக்காலம் வேறு இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைச் சுவர்களே பூஞ்சணம் பிடிக்கும்போது, வீட்டுக்குள் உலர்த்தும் பூ மட்டும் தப்புமா? கஞ்சாவில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலுக்குள் போனால், காசநோயால் ஏற்கெனவே குழிவிழுந்த நுரையீரலையும், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் கடுமையாகத் தாக்கும். பூச்சிமருந்து அடித்திருந்தால் அதுவும் புகையோடு உள்ளே போகிறது. உள்ளறையில் வளர்க்க வேண்டுமானால் பலமணி நேரம் எரியும் பெரிய விளக்குகள் வேண்டும்; ஏற்கெனவே சுமை தாங்காத சால் (வரிசைக் குடியிருப்பு) வீட்டு வயரிங்கில் அது தீ விபத்துக்கு அழைப்பு. எத்தனை வீரியமான பூ என்பது வளர்த்தவருக்கே தெரியாது. மிஞ்சுவது நண்பனுக்குப் போகும், நண்பனின் தம்பிக்கும் போகும்.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கி, வீட்டு வளர்ப்புக்கு அரசே நாற்றுகளும் விநியோகித்தது. மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பின்வாங்கியது. அவசரப்பட்டுத் திறந்த கதவை மூடுவது எவ்வளவு சிரமம் என்பதை அவர்களிடமிருந்து பார்த்துக்கொள்ளலாம். மும்பைக்கு வீட்டு வளர்ப்பு வேண்டாம் என்பதே என் முடிவு.

மருந்துதானே என்பவர்களுக்கு

மருத்துவப் பயன் உண்டு. செடியிலிருந்து பிரித்த கன்னாபிடியால் என்ற வேதிப்பொருளை, குழந்தைகளுக்கு வரும் இருவகைக் கடும் வலிப்பு நோய்களுக்கு 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அது போதை தருவதில்லை. அளவு மில்லிகிராமில் எழுதப்படுகிறது. கீமோதெரபி வாந்திக்கும் செயற்கை டி.எச்.சி. மாத்திரைகள் உள்ளன. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தபோது இந்தியாவும் ஆதரித்தது. ஆராய்ச்சிக்கு வழி திறக்கட்டும். அதை வைத்துக்கொண்டு, தொட்டிச் செடியைக் கிள்ளிப் புகைப்பதையும் மருந்து என்று சொல்ல முடியாது.

வீட்டில் ஒருவர் பழகிவிட்டால்

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசியக் கணக்கெடுப்பின் அறிக்கை 2019-ல் வந்தது. இந்தியாவில் சுமார் 72 லட்சம் பேருக்குக் கஞ்சா தொடர்பான பிரச்சினைகளுக்கு உதவி தேவைப்படுகிறது என்றது அது.

பிள்ளையின் சட்டைப்பையில் பொட்டலம் கிடைத்த அன்றே அடித்து ஊருக்கு ரயிலேற்றிவிடாதீர்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நாளுக்கொரு தடவை, தூக்கம் எப்படி என்று நிதானமாகக் கேளுங்கள். யாரோ பேசுவது கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால், காத்துக் கருப்பு என்று கோயில் கோயிலாக அலைவதற்கு முன், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கஞ்சா அடிமைத்தனத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை; தொடர்ந்த ஆலோசனைதான் சிகிச்சை. "மூன்று நாளில் மறக்க வைக்கிறோம்" என்ற விளம்பரங்களில் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

தாராவிக்கும் மாதுங்காவுக்கும் எட்டும் தூரத்தில் சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது, செம்பூரிலிருந்தும் தொலைவில்லை. பரேலில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. மருத்துவரிடம் போனால் போலீசில் மாட்டிவிடுவார்களோ என்ற பயம் நம்மவர்களுக்கு நிறைய. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மேல் வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

போதை மீட்பு ஆலோசனைக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. அதில் தமிழிலும் பேசலாம். இரண்டு எண்களையும் இன்றே வீட்டுக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.