தந்தியைத் தளர்த்தும் சங்கீதம்

‘ஹவாயன் கிட்டார்’ என்றதும் நம்மில் பெரும்பாலோர் நினைவில் எழுவது, மடியில் கிடத்திய வாத்தியத்தின் தந்திகள்மீது எஃகுத் துண்டொன்று வழுக்கிச் செல்ல, பழைய சினிமாப் பாட்டுகளின் இடையே நீண்டு குழைந்து வரும் அந்த நாதமேயாகும். அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெக்குகு என்ற ஹவாய் இளைஞர் கண்ட முறை. 1915-ஆம் ஆண்டு ஸான் பிரான்ஸிஸ்கோவில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்காவெங்கும் மோகத்தைக் கிளப்பி, உலகம் சுற்றி, 1940-களில் கல்கத்தாவில் சில ஆண்டுகள் தங்கியிருந்த டவ் மோ குடும்பத்தாரைப் போன்ற கலைஞர்கள் மூலம் நம் தேசத்திலும் வேரூன்றியது. ஆனால் அதே தீவுகளில், அதற்கும் முன்னரே பிறந்து, சபையேறாமலும் விளம்பரம் பெறாமலும் வீட்டு வாசலிலும் புழக்கடையிலுமே நெடுங்காலம் வாழ்ந்துவந்த வேறொரு கிட்டார் சங்கீதம் உண்டு. ஹவாய் மொழியில் அதற்குக் ‘கீ ஹோஆலு’ என்று பெயர்; முறுக்கைத் தளர்த்துவது என்பது பொருள். இந்தச் சங்கீதத்தைத் தீவுகளுக்கு அப்பால், கடல் கடந்த ஊரொன்றில் கச்சேரியாக நடத்த முற்படுவோர் வித்வானை மட்டும் வரவழைத்தால் போதாது, அவருடைய வீட்டு முற்றத்தையும் எப்படியோ உடன் வரவழைத்தாக வேண்டும். அது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை உணர, முதலில் அந்த முற்றம் எப்படிப்பட்டது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

இக்கலையின் சரித்திரம் மாட்டிலிருந்து தொடங்குகிறது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். 1793-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்குச் சில மாடுகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். அவற்றை யாரும் கொல்லலாகாது என்று மன்னர் தடை விதித்தமையால், அவை பல்கிப் பெருகி, காடேறி, பயிர்களை அழித்து, எதிர்ப்பட்ட மனிதரையும் முட்டித் தள்ளும் மந்தைகளாயின. அவற்றைப் பிடித்துப் பழக்கும் வித்தையைத் தீவினர்க்குக் கற்பிக்கவென்று, மூன்றாம் கமேஹமேஹாவின் காலத்தில், 1830-களில், மெக்ஸிகோ நாட்டிலிருந்து குதிரையேறி மாடு மேய்ப்பதில் வல்லவர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் ஸ்பானிய மொழியினர். ‘எஸ்பஞோல்’ என்ற அச்சொல்லே தீவினர் நாவில் ‘பனியோலோ’ என்றாகி, இன்றளவும் ஹவாயின் மாட்டுக்காரரைக் குறிக்கும் பெயராக நிலைத்திருக்கிறது. சேணமும் சுருக்குக் கயிறும் கொண்டுவந்த அவர்கள் கிட்டாரையும் கொண்டுவந்தனர். ஊர் திரும்புகையில் சிலர் வாத்தியத்தை விட்டுச் சென்றனராயினும், அதற்குச் சுருதி கூட்டும் முறையை முற்றாகக் கற்பித்துச் செல்லவில்லை என்றும், தீவினர் தம் பாட்டுக்கும் குரலுக்கும் இசைந்தவாறு தந்திகளைத் தளர்த்தித் தாமே சுருதி அமைத்துக்கொண்டனர் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகின்றனர்.

அந்தத் தளர்த்தலின் சூட்சுமத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கிட்டாருக்கு ஆறு தந்திகள். அவற்றுள் மிகத் தடித்த இரண்டையும், மிக மெல்லிய ஒன்றையும் ஒவ்வொரு முழு ஸ்வர அளவு தளர்த்திவிட்டால், தடித்த தந்தி தொடங்கி மெல்லிய தந்தி ஈறாக, நம் ஸ்வர பாஷையில் ப, ஸ, ப, ஸ, க, ப என்று அமைகிறது. காந்தாரம், அந்தர காந்தாரம். இடக்கை விரல் ஒன்றும் படாமல், வலக்கையால் சும்மா வருடினாலே போதும், முழுமையான ஓர் இசைவு எழுந்து அறையை நிறைத்துவிடும். இந்தச் சுருதிக்குச் சேப்பங்கிழங்குக் கழனியின் பெயரை இட்டிருக்கிறார்கள். சேப்பங்கிழங்கு ஹவாய் மக்களுக்கு உணவு மட்டுமன்று. மனித குலத்துக்கு மூத்த சகோதரனாகப் பிறந்தது அச்செடியே என்பது அவர்களுடைய புராணம். இனி, மூன்றாம் தந்தியை இன்னும் அரை ஸ்வரம் இறக்கினால் ஷட்ஜம் இருந்த இடத்தில் காகலி நிஷாதம் வந்து அமர்கிறது. ஏக்கம் கலந்த அந்த வகைச் சுருதிகளுக்கு ‘வஹீனே’, அதாவது பெண், என்று பெயர். இவ்வாறு அவர்களிடம் உள்ள சுருதிகள் பல. எச்சுருதியாயினும் வாசிக்கும் முறை ஒன்றே: கட்டைவிரல் மந்தர ஸ்தாயியில் தாளம் பிசகாமல் நடந்துகொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே பாட்டின் மெட்டைப் பாடி, அதைச் சுற்றிக் கொடியோட விட்டு, இடையிடையே தந்தியை அழுத்தாமல் தொட்டு மணியோசை போன்ற மெல்லிய நாதங்களை எழுப்பும். ஒரே மனிதர் பாட்டும் பக்கவாத்தியமும் தாமேயாக அமர்ந்திருப்பார். நல்ல வாசிப்பைப் புகழ அம்மக்கள் சொல்லும் சொல் ‘நஹேநஹே’. மென்மை, இனிமை, சாந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்த குணத்தை அது குறிக்கும். வேகமும் ஆரவாரமும் இந்தச் சங்கீதத்தின் லட்சியமல்ல.

சுருதிகள் குடும்பச் சொத்தாக, குலதனம்போல் காக்கப்பட்டன. வாசித்து முடித்து வாத்தியத்தைச் சுவரில் சாய்க்குமுன், வேற்றார் எடுத்துப் பார்த்து ரகசியத்தை அறிந்துவிடாதபடி, தந்திகளை முழுதும் தளர்த்தி வைத்துவிடும் பெரியவர்கள் இருந்தார்களாம். பிள்ளைகள் பாடம் கேட்டுக் கற்றதில்லை; பக்கத்தில் அமர்ந்து, பேசாமல் பார்த்து, காதால் உண்டு கற்றார்கள். 1946-ஆம் ஆண்டில் கேபி பஹினுயி என்பவர் ‘ஹிஇலாவே’ என்ற பாட்டை இசைத்தட்டில் பதித்தபோதுதான் இக்கலை புதிய யுகத்துள் காலடி வைத்தது என்று ரசிகர்கள் கணிக்கிறார்கள். அந்த மகாவித்வான், ஹொனலூலு நகராட்சியின் சாலைப் பணியாளராகப் பகலெல்லாம் உழைத்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. ஓவாஹு தீவின் வைமானலோ என்ற ஊரில் அவருடைய வீட்டுப் புழக்கடையில், வெள்ளியன்று மாலை கூடியவர்கள் ஞாயிறு வரை கலையாமல் பாடியும் வாசித்தும் உண்டும் மகிழ்ந்தார்கள். அங்கே மேடை இல்லை. அவையினர் என்று தனியே யாரும் இல்லை. கிட்டார் கைமாறிக்கொண்டே இருந்தது. 1970-களில் ஹவாய் மொழியும் நடனமும் புத்துயிர் பெற்றபோது இந்தச் சங்கீதமும் உடன் எழுந்தது. 1973-இல் கியோலா பீமர் என்ற இளைஞர் இதைக் கற்பிக்கும் நூலை வெளியிட்டு ரகசியத்தின் கதவைத் திறந்தார். பஹினுயி 1980-இல் காலமானார். 1994 முதல் ஜார்ஜ் வின்ஸ்டன் என்ற பியானோ கலைஞர், எஞ்சியிருந்த மூத்த வித்வான்களைத் தேடிப்பிடித்து வரிசையாக ஒலிப்பதிவுகளை வெளியிட்டு, உலக ரசிகர்களிடம் கொண்டுசேர்த்த தொண்டு மறக்கற்பாலதன்று. 2005-இல் ஹவாய் சங்கீதத்துக்கென்று முதன்முறையாகக் கிராமி விருது வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றது இந்தத் தளர்சுருதிக் கிட்டார் தொகுப்பொன்றுதான்.

ஆகவே, கலிபோர்னியாவிலோ ஸியாட்டிலிலோ ஒருவர் இக்கச்சேரிக்கு ஏற்பாடு செய்யும்போது, புழக்கடையில் வளர்ந்த ஒன்றை டிக்கட்டு விற்கும் கூடத்துக்குள் அழைத்துவருகிறார். முதல் இடர்ப்பாடு தூரம். ஹொனலூலுவுக்கும் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும் இடையே ஏறக்குறைய 2,400 மைல் கடல். ஒரே இரவுக் கச்சேரியின் வசூல் அந்தப் பயணச் செலவுக்கே ஈடாகாது. இதனாலேயே அனுபவமுள்ளவர்கள் தனித்துச் செயற்படுவதில்லை. தெற்கே ஸான் டியாகோ தொடங்கி வடக்கே போர்ட்லண்டு, ஸியாட்டில் வரை ஆங்காங்கேயுள்ள நண்பர்கள் பேசிவைத்துக்கொண்டு, ஒரே பயணத்தில் ஊருக்கு ஒரு கச்சேரியாகச் சங்கிலி கோத்து, செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வித்வானும் விடுதியறையின் தனிமையில் வாடாமல் யாராவது ஒருவர் வீட்டில் தங்கி, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, மாலையில் மலர்ந்த முகத்தோடு மேடையேறுகிறார்.

அடுத்தது கூடம். ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கம் கிடைத்துவிட்டது என்று மகிழ்வது பெரும் தவறு என்பேன். விரல் நகம் தந்தியை விட்டு நீங்கும் ஓசையும், வித்வான் மூச்சிழுக்கும் ஓசையும் கேட்கும் தூரத்தில் இருந்தால்தான் இச்சங்கீதம் முழுமை பெறும். 1968-இல் சிறு காப்பிக்கடையாகத் தோன்றிய பெர்க்லியின் ‘பிரெய்ட் அண்ட் ஸால்வேஜ்’ போன்ற கூடங்களிலும், கிட்டார் விற்கும் கடைகளின் பின்கட்டிலும், வீடுகளின் முன்னறையிலும் இக்கச்சேரிகள் சிறப்புறுவதற்குக் காரணம் அதுவே. பெரிய கூடந்தான் வாய்த்தது என்றால், ஒலிபெருக்கி இயக்குபவரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கிட்டாரின் மரப்பெட்டிக்குள் அடைபட்ட காற்று இயல்பாகவே விநாடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வில் அதிரும் தன்மையுடையது. தளர்த்திய ஐந்தாம் தந்தியின் ஷட்ஜமோ விநாடிக்கு 98 அதிர்வு. இவ்விரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டால், கட்டைவிரல் ஒவ்வொரு முறை அத்தந்தியைத் தொடும்போதும் ஒலிபெருக்கி உறுமத் தொடங்கி, மேலே பாடும் மெட்டை விழுங்கிவிடும். இந்த ஒரு சங்கதியை அறிந்து, அந்த ஸ்தாயியை மட்டும் சிறிது தணித்துவைக்கும் இயக்குநர் கிடைத்தால் கச்சேரி பாதி வெற்றி. மற்றொரு சத்துரு குளிர்காலம். ஈரக்காற்றிலேயே வளர்ந்த கோஆ மரத்தால் செய்த வாத்தியம், வெப்பமூட்டிய வறண்ட அறைக்குள் வந்ததும் சுருங்கி வெடிக்கத் தலைப்படும். ஆதலின் அது மேடையேறும் வரை பெட்டிக்குள்ளேயே ஈரப்பஞ்சோடு காத்திருக்க வேண்டும்.

பாட்டுகளைச் சுருதிவாரியாக வரிசைப்படுத்துவது தனிக் கலை. ஒவ்வொரு பாட்டுக்கும் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தால் அவையினர் சோர்ந்துபோவர். சிலர் இரண்டு மூன்று கிட்டார்களை வெவ்வேறு சுருதியில் அமைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வர். ஆனால் எனக்கு உகந்தவர்கள், ஒரே வாத்தியத்தை வைத்துக்கொண்டு, சுருதி மாற்றும் அந்த அவகாசத்தையே கதை சொல்லும் சந்தர்ப்பமாக்கிக்கொள்ளும் பழைய மரபினர். பாட்டன் எந்தப் பாறைமீது அமர்ந்து வலை பின்னினான், இந்தப் பாட்டில் வரும் அருவி எந்தப் பள்ளத்தாக்கில் விழுகிறது, இந்த மலர் யாருக்குச் சங்கேதப் பெயர் என்று அவர் தந்தியைத் திருகியவாறே சொல்லிச் செல்லும்போது, பாஷை தெரியாத கேட்போருக்கும் அடுத்து வரும் பாட்டு சொந்தமாகிவிடுகிறது. ஹவாய் மொழியில் இக்கதைகளுக்கு ‘மோஓலேலோ’ என்று பெயர். இவற்றுக்குக் கால அவகாசம் ஒதுக்காமல், ‘இத்தனை நிமிஷத்தில் இத்தனை பாட்டு’ என்று கணக்கிடும் அமைப்பாளர் முற்றத்தின் பாதியை வெளியே நிறுத்திவிட்டவராவார். 1896-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழியென்று ஆக்கப்பட்டு, ஹவாய் மொழி ஏறக்குறைய அழியும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு ஜனசமூகத்துக்கு, பாட்டும் கதையும் எத்தகைய புகலிடமாயிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புலப்படும்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். நிலமும் வீடும் எட்டாத விலைக்கு ஏறிவிட்டமையால், 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஹவாயின் ஆதிக்குடி வழியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் தீவுகளுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். எட்டுப் பெரிய தீவுகளோடு ஒன்பதாவது தீவு என்று பாலைவனத்து லாஸ் வேகாஸ் நகரைச் சொல்லும் வழக்கமே ஏற்பட்டுவிட்டது. இவர்களை விட்டுவிட்டு நடத்தும் கச்சேரியில் நேர்த்தி இருக்கலாம், உயிர் இராது. அந்தந்த ஊரில் ஹூலா நடனம் பயிற்றும் ‘ஹாலௌ’ என்ற பாடசாலைகளையும், படகுக் குழுக்களையும் தொடக்கத்திலேயே கலந்துகொண்டால், தொடக்கத் துதி ஓதுவது யார், எந்தப் பாட்டுக்கு யார் எழுந்து ஆடுவது, எந்தப் பெரியவருக்கு முன்வரிசை, சமையலுக்கு யார் பொறுப்பு என்பனவெல்லாம் தாமே ஒழுங்காகிவிடும். காகித மாலையும் பிளாஸ்டிக் தென்னையும் கொண்டு மேடையை அலங்கரிப்பது, அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தும் காரியம். தீவிலிருந்து மெய்யான ‘லெய்’ மாலைகளை வரவழைப்பதானால், விமான நிலையத்தில் வேளாண்மைத் துறையினரின் பரிசோதனை உண்டு என்பதையும், எலுமிச்சை இனத்துப் பூவும் காயும் பூச்சிநோய் அச்சத்தால் தடுக்கப்படும் என்பதையும் முன்னரே அறிந்து மலரைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முடிவில் எல்லோரும் எழுந்து கைகோத்து நின்று ‘ஹவாய் அலோஹா’ பாடுவது வழக்கம். அதன் பிறகுதான் உண்மையான கச்சேரி ஆரம்பமாகிறது என்று சொல்லலாம். முன்கூடத்தில் யாரோ ஒருவர் பையிலிருந்து யுகுலேலியை எடுக்கிறார். இன்னொருவர் குரல் கொடுக்கிறார். மேடையில் இருந்தவரும் வந்து படிக்கட்டில் அமர்ந்துவிடுகிறார். ‘கனிகபிலா’ என்று இதற்குப் பெயர், கூடி வாசித்தல். கூடத்தை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் அமைப்பாளரை நான் மனமார வாழ்த்துகிறேன்.

மறுநாள் காலை, ஊரில் கற்க விரும்புவோர் பத்துப் பதினைந்து பேரை ஓர் அறையில் வட்டமாக அமர்த்தி, வித்வான் பாடம் சொல்கிறார். கற்பலகையில் முதலில் எழுதுவது சுருதிதான், ஆறு எழுத்துகள். பிற்பகல் விமானத்துக்குப் புறப்படுமுன், நெடும்பயணத்தில் மரத்தின்மேல் இழுவிசை தங்கலாகாது என்று, முன்னோர் ரகசியம் காக்கச் செய்ததுபோலவே, ஒவ்வொரு முறுக்காணியாகத் திருகித் தந்திகளைத் தளர்த்திவிட்டுப் பெட்டியை மூடுகிறார். பலகையில் எழுதிய ஆறு எழுத்துகளை அவர் அழிப்பதில்லை.