பயமுறுத்திய "இணை நோய்"

2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது மும்பைத் தமிழர் வீடுகளில் மாலையானால் ஊர்ச் செய்திதான். தமிழக சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கையில், கொரோனாவால் இறந்தவரின் வயது இருக்கும். அடுத்து அவருக்கு இருந்த சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை இருக்கும். இவற்றுக்கு "இணை நோய்" என்று பெயர்.

நோய் இல்லாதவருக்கு இது ஒரு வகை ஆறுதல். "அவருக்கு ஏற்கனவே சுகர் இருந்ததாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். பத்து வருடமாக மாத்திரை விழுங்குகிறவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தாராவியில்...

தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 2020 ஏப்ரல் 1-ந் தேதி. தோல் தொழிலுக்காக நெல்லைச் சீமையில் இருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம் அது. நாள்பட்ட நோய் உள்ளவர்கள் வெளியே வரவேண்டாம் என்று அரசு சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலோருக்குக் கழிப்பறை வீட்டில் இல்லை. பொதுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை மிகுந்தவர் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்தாக வேண்டும். தொற்று அங்கேதான் இருக்கிறது என்று பயந்தவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். சர்க்கரை நோய்க்கு அது பெரிய கெடுதல்.

காசநோயாளியின் பாடு வேறு. காசத்துக்கும் இருமல், கொரோனாவுக்கும் இருமல். இருமினால் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும். தனிமை முகாமுக்குக் கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சம் வேறு. அதனால் இருமலையே மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. 2019-ல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-ல் சுமார் 18 லட்சம். நோய் குறைந்துவிடவில்லை. போக வண்டி இல்லை, பரிசோதனைக் கூடங்கள் கொரோனா வேலையில் இருந்தன, மனதில் பயமும் இருந்தது.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மறைக்கவும் வழியில்லை, தள்ளிப்போடவும் வழியில்லை. வாரம் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். 2020 மார்ச்சில் நின்ற லோக்கல் ரெயிலில் பொதுமக்கள் எல்லோரும் ஏற முடிந்தது 2021 பிப்ரவரி 1-ந் தேதிதான். அதுவும் குறிப்பிட்ட நேரங்களில். நோயை விட டாக்சி வாடகை தூக்கத்தைக் கெடுத்த குடும்பங்கள் எத்தனையோ!

கவலையும் சர்க்கரையும்

கவலைப்படும்போது உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஏறியதைப் பார்த்தால் மேலும் கவலை. கடைசியில் சோர்ந்துபோய் மாத்திரையையே நிறுத்தி விடுகிறவர்களும் உண்டு. "நமக்கு என்ன, போகிற உயிர்தானே" என்று அவர் சொன்னால், வீட்டார் அதை வேதாந்தம் என்று நினைத்து விடுகிறார்கள். அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்தது.

கால் எரிச்சலை டாக்டரிடம் சொல்கிறவர் தூக்கம் வராததைச் சொல்வதில்லை. பைத்தியம் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். தூங்காத இரவுகளைச் சொன்னால்தான் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பது அவருக்கும் விளங்கும். நேரில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" மனநல உதவி இது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.