அஞ்சு பாக்ஸ், ஒரு வூஃபர், அப்பா!

எங்கள் வீட்டு டி.வி.யின் வால்யூம் எண் 46. காலையில் ராசிபலன் 46. மத்தியானம் சமையல் 46. ராத்திரி நியூஸ் 46. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருமுனை திரும்பும்போதே மிதுன ராசிக்கு இன்றைக்குப் பணவரவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். எனக்கு மிதுன ராசி. இல்லை.

காரணம், அப்பா. சிப்காட் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். பழுக்கக் காய்ந்த இரும்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கம்பியாக வந்து விழும் இடம். அங்கே 'டீ சாப்பிடலாமா?' என்று கேட்பதுகூட கைஜாடையில்தான். காதுக்குப் பாதுகாப்பு, வீட்டிலிருந்து கொண்டு போகும் பஞ்சு. ரிட்டயர் ஆனபோது ஒரு கைக்கடிகாரம் வீட்டுக்கு வந்தது. காதில் பாதி அங்கேயே நின்றுவிட்டது.

காது டாக்டர் ஒரு கிராஃப் போட்டுக் காட்டினார். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு முதலில் அடி விழுவது அந்த இடத்தில்தானாம். பேச்சில் உயிரெழுத்து கனமானது, கேட்டுவிடும். ச, ஸ, த மாதிரி எழுத்துக்களின் கூர்மைதான் அந்தப் பள்ளத்தில் விழுந்து காணாமல் போகிறது. 'பேசறது கேக்குது, என்ன பேசறான்னுதான் தெரியல' என்று அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு மருத்துவ உண்மை!

"ஹியரிங் எய்டு போட்டுக்குங்க" என்றார் டாக்டர்.

"அதை மாட்டிக்கிட்டா கெழவன்னு சொல்லுவானுங்க" என்றார் அப்பா. வயது 67.

சரி, டி.வி.யையாவது சரி பண்ணலாம் என்று கிளம்பினேன். இப்போதைய ஒல்லி டி.வி.களில் ஸ்பீக்கர் பெரும்பாலும் தரையைப் பார்த்தோ, சுவரைப் பார்த்தோதான் இருக்கிறது. ஹீரோ காதலைச் சொன்னால் அது முதலில் சுவருக்குத்தான் போய்ச் சேரும். போதாததற்கு வசனம், பாட்டு, வெடிகுண்டு எல்லாமே ஒரே ஓட்டை வழியாக வரவேண்டும். வசனம் கேட்க வால்யூமை ஏற்றினால் குண்டும் சேர்ந்து ஏறும்.

5.1 என்கிற சமாசாரத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு பாக்ஸுக்குப் போய்விடும். இரண்டு பாக்ஸ் முன்னால், இரண்டு பாக்ஸ் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி. அந்த '.1' என்பது அடித்தொண்டை உறுமலுக்கான சப்-வூஃபர். ஆக, நடு பாக்ஸை மட்டும் தனியாக ஏற்றிவிடலாம்! இதுதான் என் திட்டம். (டால்பி, டால்பி என்கிறோமே, அந்த ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக நம் இந்தியாவில்தான் இருந்தார். அதற்கப்புறம்தான் லண்டனில் கம்பெனி ஆரம்பித்தார். நம்ம ஊர் இரைச்சலைக் கேட்ட யாருக்குமே அந்த யோசனை வந்திருக்கும்!)

திட்டம் பிரமாதம். பட்ஜெட்தான் பத்தாயிரம். அந்தப் பணத்துக்கு ஒரே கம்பெனி, ஒரே ஜாதகத்தில் ஆறு பாக்ஸ் கிடைப்பது கஷ்டம். எனவே கலப்பு மணம்தான்.

திருவள்ளூரில் மாமா வீட்டுப் பரணில் ஒரு ஜோடி பழைய மரப் பாக்ஸ் தூங்கிக்கொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போ மாப்ள, எலி குடித்தனம் பண்ணுது" என்றார் மாமா. மடியில் ஒன்று, காலடியில் ஒன்றாக வைத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்து சேர்ந்தேன். எதிர் சீட் பெரியவர், "கட்சி மீட்டிங்கா தம்பி?" என்றார். செத்துப்போன மினி ஹை-ஃபை செட்டின் சின்ன ஜோடி வீட்டிலேயே இருந்தது. செகண்ட் ஹேண்ட் ரிசீவர், நடு பாக்ஸ், எட்டு இன்ச் வூஃபர் மூன்றுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்.

அந்தக் கடைக்காரர் சொன்ன முதல் பாடம்: "பேரைப் பாக்காதீங்க சார், பின்னாடி பாருங்க." பாக்ஸின் முதுகில் 4, 6, 8 என்று ஏதாவது ஓம்ஸ் போட்டிருக்கும். ரிசீவரின் முதுகிலும் குறைந்தபட்சம் இத்தனை என்று இருக்கும். 6 ஓம்ஸ் கேட்கும் ரிசீவருக்கு 8 கொடுத்தால் பரவாயில்லை. 4 கொடுத்து வால்யூமையும் ஏற்றினால் ரிசீவர் சூடாகி, இட்லி வேகும். மாமா பாக்ஸ் 8, மினி செட் 6. பிழைத்தேன்.

இரண்டாம் பாடத்தை நானே அடிபட்டுக் கற்றேன். முதலில் வாங்கிய நடு பாக்ஸில் உலோக ட்வீட்டர். ஹீரோ இடது பக்கம் பேசினால் கணீர். நடுவுக்கு வந்தால் ஜலதோஷம். வலது பக்கம் போனதும் மறுபடி கணீர். மாமா பாக்ஸில் இருப்பதோ துணி டோம் ட்வீட்டர். திரும்பப் போய், அதே மாதிரி துணி டோம் உள்ள பாக்ஸாக மாற்றி வந்தேன். ஜலதோஷம் பெரும்பாலும் போச்சு. முன்னால் நிற்கும் மூன்று பேரும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே குரலில் இருக்கவேண்டும். பின்னால் இருப்பவர்கள் மழையும் கைத்தட்டலும்தான் போடப்போகிறார்கள், தூரத்து உறவு போதும். வூஃபர்? அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

மூன்றாவது, பிளஸ்-மைனஸ். பழைய பாக்ஸில் சிவப்பு, கறுப்பு நிறமெல்லாம் எலி தின்றிருந்தது. ஒரு பென்சில் பேட்டரியை ஒயரில் ஒரு விநாடி தொட்டால் போதும். கூம்பு முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். (ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள் சார்!) ஒரு பாக்ஸ் மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் காணாமல் போகும், பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது.

நாலாவதில் பி.காம். படிப்பு உதவியது. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு பாக்ஸ் 91 டெசிபல் கத்தும், இன்னொன்று 85தான் முனகும். வித்தியாசம் ஆறுதானே என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் பவர் இரண்டு மடங்கு வேண்டும். ஆறு என்றால் நாலு மடங்கு! இதைச் சமன் செய்ய ரிசீவரிலேயே 'உஸ்ஸ்...' என்று ஒரு சோதனைச் சத்தம் உண்டு. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் சத்தம் அளக்கும் ஆப் வைத்து, ஒவ்வொரு பாக்ஸையும் 75-க்குக் கொண்டுவந்தேன். டிரையல் பேலன்ஸ் டேலி ஆன திருப்தி. அப்புறம் நடு பாக்ஸை மட்டும் வேண்டுமென்றே நாலு டெசிபல் ஏற்றினேன். அது அப்பா கணக்கு.

கடைசியாக வூஃபர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் அதன் பொறுப்பு என்று ரிசீவரில் சொல்லிவிட்டேன். மினி செட் மாதிரிப் பொடியன்களுக்கு 120 வைக்கலாம். எங்கே வைப்பது? 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். எங்கள் ஹாலே அவ்வளவு நீளம் கிடையாது. சுவரில் மோதித் திரும்பி, ஒரு மூலையில் குவியும், ஒரு இடத்தில் மறைந்தே போகும். இதற்கு ஒரு வழி உண்டு. உட்காரும் நாற்காலியில் வூஃபரை வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து போய் எங்கே பேஸ் நன்றாக, சீராகக் கேட்கிறதோ அங்கே வூஃபரை வைப்பது. நாற்காலியில் பெட்டியை ராஜா மாதிரி உட்காரவைத்துவிட்டு நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா காபியோடு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. சாமி ரூமுக்குப் போய் விபூதி எடுத்துக்கொண்டு வந்தாள்.

நல்ல இடம் கிடைத்தது. பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவர் ஓரம்! ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, சண்டைப்படம், குண்டு வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது. நான் கை தட்டினேன். அஞ்சே நிமிஷத்தில் காலிங் பெல்.

பக்கத்து வீட்டுத் தம்பி. சிப்காட்டில் நைட் ஷிப்ட். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

"அண்ணே... ஏழு மணிக்குத்தான் வந்து படுத்தேன். தலகாணிக்குள்ள யாரோ இடிக்கிற மாதிரி இருக்குண்ணே." சத்தம்கூடப் போடவில்லை. கெஞ்சினான்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதில் இரவு என்பது பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை. நைட் ஷிப்ட் ஆளுக்கு ராத்திரி என்பது காலை ஏழிலிருந்து! அதற்கு விதியில் இடமில்லை. நாமே கொடுத்தால்தான் உண்டு. மெல்லிய சத்தத்தைச் சுவர் தடுத்துவிடும், பேஸ் மட்டும் சுவரையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு போகும்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருஷ இரைச்சலில் காதைத் தொலைத்த ஒருவருக்காக ஆரம்பித்த வேலை. அதே மாதிரி மிஷின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தவனின் தூக்கத்தில் கொண்டு போய் விட்டிருக்கிறது.

"தம்பி, நீ காதுல பஞ்சு வைக்கிறியா?" என்று கேட்டேன்.

"பிளக் தராங்கண்ணே. உறுத்துதுன்னு போடறதில்ல."

உள்ளே கூப்பிட்டு அப்பாவின் கிராஃபைக் காட்டினேன். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலையில் 90 டெசிபல்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் காதுக்குக் கவசம் கட்டாயம் வேணும், போனது திரும்பாது என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து எதிர்மூலைக்கு மாற்றினேன். அடியில் தடிமனான ரப்பர். லெவலைக் குறைத்தேன். ரிசீவரில் 'நைட் மோட்' என்று ஒன்று இருப்பதைத் தேடிப்பிடித்துப் போட்டேன். அது உரத்த சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிவிடும். பக்கத்து வீட்டுக்காகப் போட்டது, அப்பாவுக்குத்தான் அதிகம் உதவியது. குண்டு பொட்டு வெடியாகிவிட்டது, வசனம் அட்சர சுத்தம்.

போன வாரம் ஒரு பழைய படம் ஓடியது. அப்பா வழக்கம்போல் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தார். வால்யூம் 46-லிருந்து 30-க்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து 24.

"என்னப்பா, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுடா. பக்கத்து வீட்டுப் பையன் தூங்குவான்."

இந்த வீட்டில் அப்பா வாயிலிருந்து 'கம்மி பண்ணு' வந்து பத்து வருஷமாச்சு. ஹியரிங் எய்டு பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்று இருக்கிறேன். ராசிபலன் பார்த்துவிட்டு!