எமது வயல் எங்கே இருக்கிறது? - சிங்களத்தில் சொல்லப் பழகுவோம்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் வயலுக்குத் திரும்பும் குடும்பத்திடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "உங்கள் காணி எங்கே இருக்கிறது?" என்பதே. வரம்பு அழிந்து, அடையாள மரமும் விழுந்துவிட்டால் எல்லையைச் சொல்ல எமது வாய்ச்சொல்லே துணை.

மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் சிங்களம் மட்டுமே பேசும் உத்தியோகத்தர் வயலுக்கு வரும்போது, சில சிங்களச் சொற்கள் கைகொடுக்கும்.

முதலில் திசைகள். சூரியன் எழும் பக்கத்தை எழுவான் என்றும், மறையும் பக்கத்தைப் படுவான் என்றும் சொல்பவர்கள் நாம். சிங்களமும் அப்படித்தான். கிழக்கு 'நெகெனஹிர', அதாவது எழும் சூரியன். மேற்கு 'பஸ்நாஹிர', அதாவது இறங்கும் சூரியன். வடக்கு 'உதுர', தெற்கு 'தகுண'.

இங்கே ஒரு கவனம் வேண்டும். 'தகுண' என்றால் தெற்கு. வலது பக்கமும் 'தகுண'தான். விநாயகபுரத்தில் கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு; இரண்டும் ஒன்றாகிவிடும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாலோ வலக்கைப் பக்கம் வடக்கு! அப்போது 'தகுணு பெத்த' என்று மட்டும் சொன்னால் எல்லை தலைகீழாகலாம். எனவே வலது பக்கத்தை 'தகுணு அத பெத்த' (வலக்கைப் பக்கம்) என்றும், தெற்கை 'தகுணு திசாவ' என்றும் பிரித்துச் சொல்லுங்கள். இடது பக்கம் 'வம'; அதில் குழப்பமில்லை.

அடுத்து இடச்சொற்கள்: பக்கத்தில் - லங்க, முன்னால் - இஸ்ஸரஹ, பின்னால் - பிட்டிபஸ்ஸே, இடையில் - அதர, இந்த இடத்தில் - மெதன.

வசன ஒழுங்கு தமிழைப் போன்றதே. "மகே கும்புர வெவ லங்க தியெனவா" என்றால், "என் வயல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது." உயிரில்லாப் பொருளுக்குத் 'தியெனவா', ஆளுக்கும் மாட்டுக்கும் 'இன்னவா'.

இன்றிரவே குடும்பமாக உட்கார்ந்து, உங்கள் வயலின் நான்கு எல்லைகளையும் தமிழில் எழுதுங்கள்: கிழக்கே யாருடைய காணி, மேற்கே எந்த வாய்க்கால் என்று. பின்னர் அவற்றைச் சிங்களத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். அந்த வயலைப் பார்த்திராத பிள்ளையும் அதன் எல்லைகளை அறிந்திருக்க வேண்டும்.