குச்சி நிழலும் கணினித் திரையும்

"உங்கள் பள்ளியில் கணினி இருக்கிறதா?" என்றுதான் பெற்றோர்கள் முதலில் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். அதை வைத்து என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

2003-ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின, தமிழ்ப்பள்ளிகளும் தப்பவில்லை. அந்தத் திட்டத்தோடுதான் மடிக்கணினியும் புரொஜெக்டரும் வகுப்புக்கு வந்தன. புது மொழியும் புதுக் கருவியும் சேர்ந்தே வாசற்படி ஏறினால் பிள்ளை எதைக் கவனிக்கும்? மொழித் திட்டத்தைக் கைவிடுவதாக 2009-இல் அரசாங்கம் அறிவித்தது. திரையில் பாடம் காட்டும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பள்ளிக்கூடமே கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. வீட்டில் ஒரு தொலைபேசி, பிள்ளைகள் மூவர் என்றால் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

பினாங்கு இந்த விஷயத்தில் பின்தங்கிய ஊரல்ல. குளுகோரில் உள்ள ரெக்சாம் நிலையம் 1967-இல் தோன்றியது. தென்கிழக்காசிய நாடுகளின் ஆசிரியர்களுக்கு அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் வழிகளில் அங்கே பயிற்சி தருகிறார்கள். ஆனாலும் நம் பிள்ளைக்கு முதல் கருவி ஒரு குச்சியே போதும் என்பேன்.

வாசலில் ஒரு முழக் குச்சியை நேராக நட்டு வையுங்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கல்ல; ஏறக்குறைய 1.20-க்கு. (1982 ஜனவரி 1-இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.) அந்த நேரத்து நிழல் நுனியில் ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள்.

ஜூன் மாதத்தில் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும். குளிர்நாடுகளில் எடுத்த படங்களிலோ உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும். படத்தை நம்புவதா, வாசலை நம்புவதா? பிள்ளை இப்படிக் கேட்டுவிட்டால் அறிவியல் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது கணினியைத் திறக்கலாம். ஸ்டெல்லேரியம் என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஊர் பினாங்கு என்று குறித்து நாட்களை ஓடவிட்டால், குச்சி ஓராண்டில் சொல்வதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். சூரியன் நம் தலைக்கு நேரே ஆண்டில் இருமுறை கடப்பதும் தெரியும். கல் வைத்துப் பார்த்த பிள்ளை, "என் கணக்கு சரிதான்!" என்று குதிக்கும். கல் வைக்காத பிள்ளைக்கு அது இன்னொரு பொம்மைப் படம்.

அப்படிக் கடக்கும் நாட்கள் பினாங்கிலும் செபராங் பிறையிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 9-ஐ ஒட்டியும் வரும். அன்று மேகம் மூடிவிட்டால் மறுநாள் பாருங்கள். ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் அந்த முழக் குச்சிக்கு ஒரு விரற்கடை நிழல்கூட இராது.